சேலம் நகரசபையில் ராஜாஜி

சத்தியவேடு, சித்தூர் பகுதித் தமிழர்களுக்கு ராஜாஜியின் பெயர் புதிதல்ல. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஒரே இந்தியர் அவர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தப் பெரிய பதவிக்கு முப்பது ஆண்டுகள் முன்பே அவர் ஒரு சின்ன நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தார். அது சேலம் நகரசபையின் சேர்மன் நாற்காலி. குழாய்த் தண்ணீர், சாக்கடை, குப்பை, தெரு விளக்கு, வீட்டு வரி ஆகியவைதான் அங்கே அன்றாட விவகாரம். நாட்டை ஆளும் வேலைக்கு அவர் பாடம் படித்த இடம் அதுதான்.

கிராம முன்சீப் மகன்

ராஜகோபாலாச்சாரி பிறந்தது 10-12-1878. ஊர் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும் எல்லைப் பகுதி அது. தந்தை சக்கரவர்த்தி ஐயங்கார் அவ்வூர் முன்சீப். தீர்வை வசூலிப்பதும் ஊராரின் சில்லறை வழக்குகளைத் தீர்ப்பதும் அந்நாளில் முன்சீப்பின் வேலை. எனவே ஊர் நிர்வாகம் என்றால் என்ன என்பதை ராஜாஜி வீட்டுத் திண்ணையிலேயே பார்த்து வளர்ந்தார்.

ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, சென்னையில் சட்டம் முடித்து, 1900-ம் ஆண்டு சேலத்தில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளிலேயே பேரும் பணமும் குவிந்தன. கட்சிக்காரர்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். 1906-ல் கல்கத்தா காங்கிரசுக்குப் பிரதிநிதியாகப் போய் வந்தார். 1911-ல் சேலம் நகரசபை உறுப்பினர் ஆனார்.

அந்நாளைய நகரசபை

சேலம் நகரசபை 1866-ம் ஆண்டே ஏற்பட்டது. 1882-ல் வைசிராய் ரிப்பன் பிரபு ஸ்தல சுயஆட்சிக்கு வழி திறந்து விட்ட பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியர்கள் நகரசபைகளில் மெல்ல மெல்ல அதிகாரம் பெற்றார்கள். ஆனால் இன்றுபோல் எல்லோருக்கும் வோட்டு கிடையாது. வரி கட்டும் வசதி உள்ளவர்களுக்கே வோட்டு. ஆகவே தெருவைக் கூட்டுகிறவருக்கும் சாக்கடை அள்ளுகிறவருக்கும் அந்தச் சபையில் குரல் இல்லை.

பின்னாளில் கமிஷனர்கள் பார்த்த நிர்வாக வேலையையும் அந்தக் காலத்தில் சேர்மனே பார்த்தார். சிப்பந்திகளை நியமிப்பது, மாற்றுவது, பில்லில் கையெழுத்திடுவது, வரி பாக்கி வசூல் எல்லாமே அவர் தலையில்தான் விழும். ராஜாஜி அந்தப் பொறுப்புக்கு 1917-ல் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் மனைவி அதற்குள் காலமாகிவிட்டார். ஐந்து குழந்தைகள். வக்கீல் தொழில் ஒரு பக்கம், தாயில்லாப் பிள்ளைகள் ஒரு பக்கம், நகரசபை மறுபக்கம். இதற்கு நடுவே, பௌதிகம், ரசாயனம் போன்ற சாஸ்திரங்களைத் தமிழில் சொல்லச் சொற்கள் வேண்டும் என்று நண்பர்களுடன் சேர்ந்து 1916-ல் சேலத்தில் ஒரு சங்கமும் தொடங்கியிருந்தார்.

அக்ரகாரத்துக் குழாய்

சேலத்துக்குத் தண்ணீர் தந்தது 1911-ல் அமைந்த பனமரத்துப்பட்டி ஏரி. குழாயில் தண்ணீர் வருவது அந்நாளில் பெரிய வசதி. ஆனால் குழாய் வந்த இடத்தில் சாதியும் கூடவே வந்து நின்றது. யார் திறப்பது, யார் தொடுவது என்ற கேள்வி எழுந்தது.

தண்ணீர் திறந்துவிடும் நகரசபை ஊழியரான தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவரைச் சேர்மன் ராஜாஜி அக்ரகாரத்து வேலைக்குப் போட்டார். வைதிகர்கள் கொதித்தார்கள். உத்தரவை மாற்றச் சொல்லி வற்புறுத்தினார்கள். சேர்மனும் அதே வகுப்பில் பிறந்தவர். அவர்களுக்கு உறவும் பழக்கமும் உள்ளவர். ஒரு சிப்பந்தியை வேறு தெருவுக்கு மாற்றுவது ஒரு வரி உத்தரவில் முடிகிற காரியம். ஆனாலும் ராஜாஜி அசையவில்லை. உத்தரவு உத்தரவாகவே நின்றது.

சேலம் நகரசபையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக உறுப்பினர் ஆனதும் ராஜாஜி சேர்மனாக இருந்தபோதுதான். அதற்கு முயற்சி எடுத்தவரும் அவரே. சுத்தம் செய்கிற கைகளுக்கு அதன்மூலம் சபைக்குள்ளும் ஓர் இடம் கிடைத்தது.

இதே சமயத்தில் பக்கத்து ஊரான ஈரோட்டில் நகரசபைத் தலைவராக இருந்தவர் ஈ.வெ.ராமசாமி. பிற்காலத்துப் பெரியார் அவர்தான். இரு சேர்மன்களும் நண்பர்கள் ஆனார்கள். 1919-ல் ராஜாஜி பதவியை விட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். ஈ.வெ.ரா.வும் பதவியைத் துறந்து காங்கிரசில் சேர்ந்தார். பிறகு அரசியலில் எதிரெதிர்த் திசையில் போனபோதும் அவர்களின் நட்பு முறியவில்லை.

சித்தூரில் ஒரு வழக்கு

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கிய ராஜாஜி வக்கீல் தொழிலை உதறினார். 1921 டிசம்பரில் வேலூர் சிறைக்குப் போனார். 1925-ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார்.

அந்தச் சமயத்தில் திருப்பதி அடிவாரத்தில் உள்ள திருச்சானூர் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட பக்தர் ஒருவர் சாமி கும்பிடப் போனார். அவர் மீது வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். அப்பீல் சித்தூரில் வந்தது. இனி கோர்ட்டுப் படி ஏறுவதில்லை என்று விலகியிருந்த ராஜாஜி, அந்த ஏழைக்காக வந்து வாதாடினார். பக்தர் விடுதலையானார். சேலத்துக் குழாயடியில் எடுத்த நிலையைத்தான் அவர் சித்தூர் கோர்ட்டிலும் எடுத்தார்.

சித்தூர் மாவட்டத்துக்கு அவரோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் சேலம் மாவட்டத்தில் கொண்டு வந்தார். மறு ஆண்டு அது சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. கள், சாராய வருமானம் போய்க் கஜானாவில் பள்ளம் விழுமே என்று சும்மா இருக்கவில்லை. 1939-ல் விற்பனை வரி போட்டார். செலவு சொன்னால் வரவும் சொல்லவேண்டும் என்பது நகரசபைக் கணக்கு. அதை அவர் மாகாணத்துக்கும் போட்டார்.

பலமும் பலவீனமும்

தனக்குச் சரி என்று பட்டதை எதிர்ப்புக்கு அஞ்சாமல் செய்வது ராஜாஜியின் பலம். அதுவே சில நேரம் பலவீனமும் ஆயிற்று. பிரதமராக இருந்தபோது பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கினார். தமிழ்நாடு கொந்தளித்தது. 1952-ல் மீண்டும் முதல்வரானார். மறு ஆண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் வீட்டுத் தொழிலைப் பழகும் கல்வித் திட்டம் கொண்டு வந்தார். குலக்கல்வி என்று எதிர்ப்பு எழுந்தது. அக்ரகாரத்துக் குழாயில் சாதியை மதிக்காதவர், பள்ளிக்கூடத்தில் அதை நிலைநிறுத்துகிறாரே என்று ஏழைப் பெற்றோர் கலங்கினார்கள். அந்தக் கலக்கம் நியாயமானதே. 1954 ஏப்ரலில் அவர் விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

அவர் முதல்வராக இருந்தபோதுதான், 1-10-1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் அங்கே போயிற்று. எல்லைத் தகராறு தீர்ந்து, 1-4-1960 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கும், செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு ஆந்திரத்துக்கும் மாறின. வீடு மாறாமலே மாநிலம் மாறிய குடும்பங்கள் இங்கே ஏராளம்.

1972 டிசம்பர் 25-ந் தேதி, 94-வது வயதில் ராஜாஜி சென்னையில் காலமானார். அவர் வகித்த பெரிய பதவிகளுக்கெல்லாம் சரித்திரத்தில் பக்கம் உண்டு. ஆனால் மாநில எல்லை எங்கே ஓடினாலும், தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதா, அது எல்லாத் தெருவுக்கும் வருகிறதா என்பதுதான் நம்மைப் போன்றவர்களின் அன்றாடக் கவலை. அந்தக் கேள்விக்குச் சேலத்துச் சேர்மன் சொந்தத் தெருவின் பகையைத் தாங்கிக்கொண்டு பதில் சொன்னார். நம் ஊர் கவுன்சிலரையும் பஞ்சாயத்துத் தலைவரையும் எடைபோட அதைவிட நல்ல படிக்கல் வேண்டியதில்லை.