பந்தாடிய டாக்டர்

தண்டலத்தில் கம்பெனி பஸ்கள் போகும் சாலையை ஒட்டிய திடலில் மாலை நேரத்தில் நீங்கள் பந்து உதைப்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு செருப்பைக் கழற்றி வைத்தால் அதுதான் கோல் கம்பம்! உங்களைப் போலவே விளையாடத் தொடங்கிய ஒருவர், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைவரானார். அவர்தான் தாலிமெரன் ஆவோ.

நாகா மலையில் உள்ள சாங்கி என்ற ஊரில் 1918 ஜனவரி 28-ல் பிறந்தார். தந்தை கிறிஸ்தவப் போதகர். பெரிய குடும்பம், பந்து வாங்கக் காசு ஏது? கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டி உதைத்தார்கள். மகன் டாக்டராகி மலைமக்களுக்கு உதவவேண்டும் என்பது தந்தையின் ஆசை. 1935-ல் டைபாய்டு காய்ச்சலில் அவர் இறந்துபோனார். பதினேழு வயதுப் பையன் அந்த ஆசையை மறக்கவில்லை.

குவாஹாத்தியில் படித்தபோது ஆட்டத்தில் பெயரெடுத்தார். 1942-ல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே புகழ்பெற்ற மோகன் பகான் அணி அவரை அழைத்துக்கொண்டது. பிறகு அந்த அணிக்கே தலைவரானார். டாக்டர் படிப்பே பெரும் பாரம்; அதோடு இதையும் எப்படித்தான் சமாளித்தாரோ!

1948. லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மூவர்ணக் கொடியை ஏந்தி முன்னே நடந்தவர் ஆவோதான். நாடு விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையவில்லை. ஜூலை 31-ல் பிரான்ஸுடன் போட்டி. நம் வீரர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். பிரான்ஸ் முதலில் கோல் போட்டது. சாரங்கபாணி ராமன் பதில் கோல் போட்டார். இரண்டு பெனால்ட்டி கிடைத்தும் இரண்டும் வீணாயின. (வெளியே நின்று பார்த்தால் பெனால்ட்டி சுலபம்தான். அடித்துப் பாருங்கள், தெரியும்!) ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் பிரான்ஸ் இரண்டாவது கோலைப் போட்டுவிட்டது. 1-2. தோற்றாலும் கூட்டம் நம்மவர்களைக் கைதட்டிப் பாராட்டியது.

லண்டனின் ஆர்சனல் அணி தன்னோடு ஆட அவரை அழைத்ததாகவும் சொல்வார்கள். அவர் தங்கவில்லை, படிப்பு பாக்கி இருந்ததே! ஊர் திரும்பி 1950-ல் எம்.பி.பி.எஸ். முடித்தார். பிறகு கோஹிமா மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்தார். நாகாலாந்து தனி மாநிலமான பிறகு அதன் சுகாதாரத் துறை இயக்குநராகி, 1978-ல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பர் 13-ல் காலமானார்.