குலசேகர பாண்டியரும் காயற் குதிரைகளும்

திருநெல்வேலிச் சீமையில், பொருநையாறு கடலொடு கலக்குமிடத்திற்கு அண்மையில், பழையகாயல் என்னும் சிற்றூர் உளது. நம்மவருள் அவ்வழிச் சென்றோர் பனைகளையும் உப்பளங்களையுமே கண்டு மீண்டிருப்பர். எழுநூறு ஆண்டுகட்கு முன் அதுவே பாண்டிநாட்டின் பெருந்துறை. ஆற்று வண்டல் கடலைப் பின்தள்ளியமையின் துறை தூர்ந்துபோயிற்று.

அத்துறைக்குரிய வேந்தர் மாறவர்மன் குலசேகர பாண்டியர். 1268-இல் பட்டமெய்தினார். 1279-ஐ ஒட்டிச் சோழரையும் போசளரையும் வென்று தமிழகத்தில் அவர்தம் ஆட்சியை ஒழித்தார். கொல்லங்கொண்டான் என்னும் பெயர் பெற்றார். ஈழத்தின்மேற் படையேவிப் புத்தர்தம் தந்ததாதுவைக் கொணர்வித்தார். இங்ஙனம் ஓயாது பொருதவர்க்குக் குதிரை இன்றியமையாதது. நம் நாடோ நற்குதிரை பிறக்கும் நாடன்று. வாதவூரர் வரலாற்றை அறிந்தார்க்கு, பாண்டியர் பொன்னைக் கொடுத்துக் கடல்வழிப் பரி கொண்ட செய்தி புதிதன்று.

1293-ஐ ஒட்டி இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, காயலை ஆண்ட மன்னர் நீதி வழுவாதவர் என்றும், அயல்நாட்டு வணிகரை ஆதரித்தமையால் ஓர்மூஸ், கீஸ், ஏடன் முதலிய இடங்களினின்றும் குதிரைக் கப்பல்கள் விரும்பி வந்தன என்றும் எழுதியுள்ளார். ஆயின் அவரே கூறும் மற்றொரு செய்தி நெஞ்சை உறுத்துவது. இந்நாட்டரசர் ஆண்டுதோறும் ஒருவரே இரண்டாயிரம் குதிரைக்கு மேல் வாங்க, ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லையாம்! குதிரைக்கு லாடமடித்து நோய் பார்ப்பார் இங்கிலர். வணிகர் அத்தகையாரை அழைத்து வாராததோடு, பிறர் வருவதையும் தடுத்தனர் என்கின்றார். குதிரை சாகுமளவே வாணிகம் வளரும் அன்றோ?

பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாப் என்பவர் எழுதியது இதனினும் வியப்புடைத்து. கீஸ் தீவின் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்புவதென்றும், ஒன்றுக்கு 220 தீனார் விலையென்றும், வழியில் கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் கருவூலமே பொன் கொடுப்பதென்றும் உடன்படிக்கை இருந்ததாம். அவர்தம் தம்பியார் தகியுத்தீன் பாண்டியர் அவையில் அமைச்சராயமர்ந்து காயல் முதலிய துறைகளை மேற்பார்த்து வந்தார். விற்பவர் தமையன், கொள்ளும் அரசர்க்கு மதியுரைப்பவர் தம்பி! வணிகரை நோவதிற் பயனில்லை. ஊதியம் தேடுதல் அவர் தொழில். இறந்த குதிரைக்கும் விலையளித்த மன்னர்தம் வள்ளன்மையே, குதிரையின் உயிர்பற்றிக் கவலையுறுவார் ஒருவரும் இல்லாமற் செய்துவிட்டது என்பது என் கருத்து.

கரையிறங்கிய பின்னும் அவற்றின் நிலை இரங்கத்தக்கதே. சோற்றோடு இறைச்சியைச் சமைத்து இட்டனர் என்பர் போலோ. வறுத்த தானியத்தை வெண்ணெயோடு ஊட்டி, காய்ச்சிய பாலும் புகட்டினர். நாற்பது நாள் முளையிற் கட்டியே வைத்து, பின்னர்ப் பயிற்சியின்றி முரட்டுத்தனமாய் ஏறி ஓட்டினர் என்பர் வஸ்ஸாப். அன்பின்மையால் செய்தனர் என்றல் பொருந்தாது. வெண்ணெயும் பாலும் பகைவர்க்கு எவர் இடுவர்? பாலைநிலத்துப் பரியின் இயல்பறிந்தான் ஒருவன் இலாயத்தில் இருந்திருப்பின், உணவும் நடையும் வேறாயிருக்கும். கடிவாளம் பற்றிய கை பதறின் குதிரையும் பதறும் என்பதை நம்மூர் வண்டிக்காரரும் அறிவர். வணிகரை இன்னாரென்று தேர்ந்து ஆதரித்த மன்னர், இலாயத்திற்கு ஆள் தேரவில்லை.

தம் மனையிலும் அவர் அமைதி கண்டிலர். வீரபாண்டியனுக்குப் பட்டம் நல்கக் கருதியதைப் பொறாது, மற்றொரு மகன் சுந்தரபாண்டியன் 1310-இல் தந்தையைக் கொன்றான் என்று வஸ்ஸாப் எழுதுகின்றார். உடன்பிறந்தார் பூசல் ஓயுமுன்னரே, 1311-இல் டில்லிச் சேனாபதி மாலிக் காபூர் மதுரைமேல் வந்தான். அவன் கவர்ந்து சென்ற பொருள்களுள் யானைகளும் மணிகளும் இருந்தன. பாண்டியர் அத்துணைப் பொன் கொடுத்துக் கொண்ட குதிரைகளும் இருந்தன.