எண்ணும் பொறியை எண்ணியவர்

வினவியதற்கெல்லாம் விடை பகரும் கருவிகள் இன்று ஊர்தோறும் வந்துவிட்டன. காஞ்சிபுரம் மாவட்டத்து ஏனாத்தூரில் உள்ள உழவர் ஒருவர், நெற்பயிரில் கண்ட நோயைப் பற்றிக் கைப்பேசியில் தமிழிலேயே கேட்டு, நொடிப்பொழுதில் மறுமொழி பெறலாம். கருவிக்கு இவ்வாற்றலைத் தரும் கலையைச் செயற்கை நுண்ணறிவு என்பர். பொறியும் சிந்திக்குமோ என்னும் வினாவை ஆராய்ந்து, இத்துறைக்கு வித்திட்ட பேரறிஞர் ஆலன் டியூரிங் ஆவார்.

ஆலன் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். ஆயினும், அவர் குடும்பத்துக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டு. தந்தையார் ஜூலியஸ் டியூரிங், அந்நாளைய சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அலுவலராகப் பணியாற்றியவர். தாயார் எதெல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தமையனார் ஜான் பிறந்த ஊர் குன்னூர். பெற்றோர் பணியின்பொருட்டு இந்தியாவில் தங்கியதால், பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்ந்தனர்.

இளமையிலேயே ஆலனிடம் உறுதி மிகுந்திருந்தது. 1926-இல் அவர் ஷெர்போர்ன் என்னும் ஊரிலிருந்த பள்ளியில் சேரவேண்டிய நாளில், நாடெங்கும் வேலை நிறுத்தம் நிகழ்ந்தது, புகைவண்டிகள் ஓடவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவராகிய அவர் மனந்தளராது, ஏறத்தாழ 60 மைல் தொலைவை மிதிவண்டியிலேயே கடந்து பள்ளியை அடைந்தார்.

பின்னர்க் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்ற டியூரிங், 1936-இல் அரியதோர் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதினார். கட்டங்களாகப் பகுக்கப்பட்ட நீண்ட நாடாவில், ஒவ்வொரு குறியாகப் படித்தும் அழித்தும் எழுதியும் செல்லும் பொறியொன்றை அவர் கற்பனை செய்தார். தக்க கட்டளைகளைத் தந்தால், ஒரே பொறி எல்லாக் கணக்கிடும் பொறிகளின் வேலையையும் செய்யும் என்று நிறுவினார். எந்தப் பொறியாலும் தீர்க்க இயலாத வினாக்கள் உண்டென்பதையும் அதே கட்டுரையில் மெய்ப்பித்தார். இவ்வாறு பொறியின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே கண்டவர் அவர்.

1939-இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. செருமானியர் எனிக்மா என்னும் பொறியினால் தம் செய்திகளை மறைமொழியாக மாற்றி அனுப்பினர். அவர்களுடைய நீர்மூழ்கிக் கப்பல்கள், இங்கிலாந்துக்கு உணவு கொண்டுவந்த கப்பல்களை மூழ்கடித்தன. பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் கூடிய அறிஞர் குழுவில் டியூரிங் சேர்ந்தார். போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் முன்னரே தொடங்கிய பணியின்மீது கட்டியெழுப்பி, மறைமொழியின் திறவை விரைந்து தேடும் பொறியொன்றை வடிவமைத்தார். அப்பொறி காட்டிய விடைகளை அங்கிருந்தோர் அப்படியே ஏற்கவில்லை. சோதித்துச் சரியென்று கண்ட பின்னரே பயன்படுத்தினர். செருமானியரோ, தம் மறைமொழியை எவராலும் அறிய இயலாதென்று நம்பியிருந்தனர். பொறியை இயக்கியோருள் சிலர், எளிதில் ஊகிக்கத்தக்க எழுத்துகளையே திறவாகக் கொண்டனர். குருட்டு நம்பிக்கையும் கவனக்குறைவும் அவர்களுக்குக் கேடாய் முடிந்தன.

போருக்குப் பின்னர், 1950-இல் டியூரிங் மற்றொரு புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். மறைவில் ஒரு மனிதரும் ஒரு பொறியும் இருக்க, நடுவர் ஒருவர் எழுத்தின் வாயிலாக இருவரிடமும் வினவுகிறார். விடைகளைக் கொண்டு மனிதர் யார், பொறி எது என்று அவரால் பிரித்தறிய முடியுமா என்பதே அவர் வகுத்த சோதனை. குழந்தையின் உள்ளம் போன்ற எளிய பொறியை ஆக்கி, அதற்குக் கல்வி புகட்டலாம் என்றும் அக்கட்டுரையில் எழுதினார். அதில் மாதிரியாக ஓர் உரையாடலும் உள்ளது. 34957-ஐயும் 70764-ஐயும் கூட்டுமாறு கேட்கப்படுகிறது. சற்று நேரம் கழித்து வரும் விடை 105621. சரியான விடையோ 105721. மனிதரைப்போல் பேசுவது வேறு, மெய்யைப் பேசுவது வேறு என்பதற்கு இச்சிறு கணக்கே சான்றாகும்.

இத்தகைய அறிஞரை அவர் நாடு நன்கு நடத்தவில்லை. ஆடவர் ஆடவரோடு உறவு கொள்வதை அக்கால ஆங்கிலச் சட்டம் குற்றமாகக் கருதிற்று. அச்சட்டத்தின்படி 1952-இல் அவர் தண்டிக்கப்பட்டார். சிறைக்கு மாற்றாக, உடலை வருத்தும் மருந்தை ஏற்க நேர்ந்தது. போரில் அவர் ஆற்றிய தொண்டு அரசாங்க மறைபொருளாயிருந்தமையால், மக்கள் அதனை அறியவில்லை. 1954-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், தம் 41-ஆம் வயதில் அவர் மறைந்தார். 2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் அவருக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு வருத்தம் தெரிவித்தார். 2013-இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். 2021-இல் வெளிவந்த 50 பவுண்டுத் தாளில் அவர் உருவம் இடம்பெற்றது.

இன்றைய உரையாடும் பொறிகள் அளவிறந்த எழுத்துகளைப் பயின்று, எச்சொல்லை அடுத்து எச்சொல் வரத்தகும் என்று கணித்துப் பேசுகின்றன. ஆகவே, அவற்றின் நடை சரளமாக இருக்கும். பிழையும் அதே சரளத்தோடு வரும். உறவினரின் குரலைப் பொறியால் போலியாக ஆக்கிப் பணம் கேட்கும் வஞ்சகரும் உளர். அத்தகைய அழைப்பு வந்தால், முன்பே அறிந்த எண்ணில் அவ்வுறவினரையே அழைத்துக் கேட்டல் வேண்டும். ஆதார் எண், வங்கிக் கடவுச்சொல் முதலியவற்றைப் பொறியிடம் கூறலாகாது. நோய்க்குப் பொறி சொல்லும் மருந்தை மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. ஏனாத்தூர் உழவரும் பொறி கூறிய மருந்தைத் தெளிக்குமுன், நோயுற்ற இலையை வேளாண்மை அலுவலரிடம் காட்டுதல் நன்று. கணக்கிற்குப் பொறியிடம் விடை பெற்ற மாணவரும் அதனைத் தம் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தல் வேண்டும். பொறியைப் பயன்படுத்துவதோடு அதனைச் சோதித்தும் பார்ப்பதே, டியூரிங்கின் வாழ்வு உணர்த்தும் பாடமாகும்.