நாவலரவர்களும் நில்லாத வாழ்நாளும்

இருதயம் துடித்துக்கொண்டிருக்கின்றது என்பதை யாம் அறிவேம். இன்னும் எத்தனை முறை துடிக்கும் என்பதை அறியேம். இவ்வறியாமையின் உண்மையைச் சிறுபருவத்திலேயே கண்ணெதிரே கண்டவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள்.

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் கடைசிப் புதல்வராய் அவர் தோன்றினார். அவருக்கு ஒன்பதாம் பிராயம் நடக்கையில், தந்தையார் நாடகமொன்று இயற்றிக்கொண்டிருந்தவர், அது முற்றுப்பெறுமுன்னரே தேகவியோகமாயினார். எழுத்தாணி நின்ற இடந்தொடங்கி எஞ்சிய பகுதியை இயற்றி நிறைவித்தவர் அச்சிறுவரே. இதனை அவரது இளமைப் புலமைக்குச் சான்றாகக் காட்டுவார் பலர். அது பொருந்துமாயினும், யாம் கருதுவது வேறு. குறைபட்ட ஏட்டை முன்வைத்திருந்த அப்பிள்ளைக்கு, காலன் ஒரு பாட்டு முடியுமளவேனும் காத்திரான் என்பது ஆசிரியரொருவர் உரையாமலே விளங்கியிருத்தல் வேண்டும்.

பின்னாளில் அவரிடத்துக் காணப்படும் விரைவுக்கு இதுவே வித்துப்போலும். 1847 டிசம்பர் 31-இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கந் தொடங்கினார். மறு ஆண்டிலே வேதனம் தந்த உத்தியோகத்தைத் துறந்து சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849-இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டவர், வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்றார். 1852-இற் பெரியபுராண வசனமும், 1864-இற் சிதம்பரத்து வித்தியாசாலையும் வெளிப்போந்தன. இல்வாழ்க்கையிற் புகுந்திலர். பஞ்சம் வந்த காலத்து, ஏட்டுவேலையைப் பிற்படுத்திக் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். நாளைக்கு என்று வைத்தற்குப் பசி இடங்கொடாதன்றோ!

1879 ஆடி மாதத்துச் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசைத் தினத்தில் அவர் செய்த பிரசங்கமே இறுதியாயிற்று. கேட்டிருந்தோருள் ஒருவரேனும் அதனை இறுதியென்று எண்ணியிரார். கார்த்திகையில் நோய் மிகுந்தது. டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை, மக நக்ஷத்திரத்திலே, அருகிலிருந்தோர் திருமுறை ஓத, திருநீறும் உருத்திராக்கமும் தரித்து, கங்கா தீர்த்தம் உட்கொண்டு, கைகளைச் சிரமேற் குவித்தவாறே சிவபதம் அடைந்தார். ஐம்பத்தேழு வயது நிறைதற்குப் பதின்மூன்று நாள் இருந்தது.

பெரியபுராணத்துக்கு அவர் எழுதிவந்த சூசனம் முற்றுப்பெற்றிலது. தந்தையாரின் நாடகத்தை நிறைவித்த கைக்கு இது கூடிற்றில்லை. வித்தியாசாலையும் அச்சுக்கூடமும் மாத்திரம் நின்றுவிடவில்லை. அவற்றை மாணாக்கர் சதாசிவப்பிள்ளையவர்கள் தொடர்ந்து நடத்தினார்கள்.