கட்டிலிலிருந்து ஆட்சிக் கட்டிலுக்கு!

பெரியநாயக்கன்பாளையத்திலே ஒரு தோழரின் வீடு. மேட்டுப்பாளையம் சாலையிலே பஸ்ஸை விட்டிறங்கி இரண்டு சந்து நடந்தால் போதும். தோழர் பட்டறையிலே லேத் ஓட்டுகிறவர். அவருடைய தம்பிக்கும் அதே தொழில்தான். ஐந்து மாதத்துக்கு முன்புவரை இருவரும் ஒரே ஷிப்டுக்கு ஒரே வண்டியிலே போய் வந்தவர்கள். இன்று தம்பி கட்டிலிலே கிடக்கிறார்.

நான்கு நாள் வயிற்றுப்போக்கு. அது நின்று பத்து நாள் கழிந்து பாதத்திலே மரமரப்பு. பிறகு முழங்கால், இடுப்பு, கை என்று ஏறி, கடைசியிலே மூச்சுக்கே முட்டுப்பாடு. கில்லன் பாரே என்னும் நரம்பு நோய் என்றனர் மருத்துவர்கள். உயிர் பிழைத்தது; உடம்பு இன்னும் பிழைக்கவில்லை. உட்கார வைத்தால் உட்காருகிறார், நிறுத்தினால் முழங்கால் மடிகிறது.

உயிர் மிஞ்சியதே போதும், இனி வேலை வேண்டாம், வீட்டோடு இருக்கட்டும் என்கிறார் தாய். எத்தனை நாள் தாங்குவது என்று வாய்விட்டுச் சொல்லாமல் கலங்குகிறார் அண்ணன். தம்பியோ யாரிடமும் பேசுவதில்லை. அந்தக் கட்டிலருகே அமர்ந்து, நான் ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லத் தோன்றுகிறது, தோழர்களே!

அவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1882-ல் நியூயார்க் மாநிலத்து ஹைட் பார்க்கிலே பிறந்த சீமான் வீட்டுச் செல்வப் பிள்ளை. பணம் உண்டு, படிப்பு உண்டு, பேர் சொல்லும் குலம் உண்டு. 1905-ல் தூரத்து உறவுப் பெண் எலினாரை மணந்தார். 1913-ல் கடற்படைத் துறையின் துணைச் செயலாளர். 1920-ல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். ஆனாலும் எதிர்காலம் அவருடையதே என்று நாடு எண்ணியது.

1921 ஆகஸ்ட் 10. கனடாவின் கம்போபெல்லோ தீவிலே குடும்பத்தோடு விடுமுறை. படகோட்டினார், காட்டுத் தீயை அணைக்க ஓடினார், குளிர்ந்த நீரிலே நீந்தினார். ஈர உடையோடு உட்கார்ந்தவருக்குக் குளிர் நடுக்கம் கண்டது. மறுநாள் கால் தள்ளாடியது. அதற்கு மறுநாள் நிற்கவே முடியவில்லை. கை சோர்ந்தது, சிறுநீர் தானாகப் பிரியவில்லை. வயது முப்பத்தொன்பது!

பெயர்பெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் வந்தார். வயது எண்பத்து நான்கு. தண்டுவடத்திலே இரத்தக் கட்டு என்றார், காலைப் பிடித்து அழுத்தித் தேய்க்கச் சொன்னார். எலினாரும், ரூஸ்வெல்ட்டின் அரசியல் துணைவர் லூயி ஹோவும் இரவு பகலாகத் தேய்த்தார்கள். வலி பெருகியதே தவிரக் குறையவில்லை. ஆகஸ்ட் 25-ல் வேறொரு மருத்துவர் வந்து, இது இளம்பிள்ளை வாதம், தேய்ப்பதை நிறுத்துங்கள் என்றார். அன்பு இருந்தால் மட்டும் போதாது தோழர்களே, அறிவும் வேண்டும்! கால் விழுந்தவர் வீட்டிலே எண்ணெய்ச் சட்டியோடு முறுக்கிப் பிடிக்க வருகிறவர்களுக்கு இன்றும் பஞ்சமில்லை.

தேர்ந்த தாதி வந்து சேரும்வரை கணவரின் அறையிலேயே படுத்து எழுந்தார் எலினார். குளிப்பாட்டியவர் அவர். புரட்டிப் படுக்க வைத்தவர் அவர். சிறுநீர்க் குழாய் செருகியவரும் அவரே. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1918-ல்தான், கணவருக்கு வேறொரு பெண்ணிடம் இருந்த காதலைக் கடிதங்களிலே கண்டு மனம் உடைந்தவர் இவர். அந்தப் புண் ஆறியிருக்கவில்லை. ஆனாலும் கட்டிலை விட்டு அகலவில்லை.

நியூயார்க் மருத்துவமனையிலே ஆறு வாரத்துக்கு மேல். அக்டோபர் 28-ல் வெளியே அனுப்பும்போது, முன்னேற்றம் இல்லை என்றே குறிப்பிலே எழுதினார்கள். கைகளும் மார்பும் வலுப்பெற்றன, கால்கள் எழவில்லை. 1922 தொடக்கத்திலே முழங்காலின் பின்தசை சுருங்கி, காலே மடங்கத் தொடங்கியது. மாவுக்கட்டுப் போட்டு, நாளுக்கு நாள் ஆப்பு இறுக்கி நிமிர்த்தினார்கள். பிறகு இரும்புக் காலிப்பர், கக்கத்திலே ஊன்றுகோல்.

இப்போதுதான் வீட்டுக்குள்ளே போர் மூண்டது!

தாய் சேராவுக்கு மகன் ஹைட் பார்க்கிலே நிழலிலே உட்கார்ந்து, படித்து, ஓய்வாக இருந்தால் போதும். எலினாரும் ஹோவும் மறுத்தார்கள். உடம்பு விழுந்தது உண்மை, ஊர்க் காரியமும் விழுந்தால் மனிதரே விழுந்துவிடுவார் என்பது அவர்கள் வாதம். இரு தரப்பிலும் இருந்தது அன்புதான். ஒன்று அவரைக் காப்பாற்றி மூலையிலே வைக்கும் அன்பு, மற்றொன்று கைகொடுத்து வெளியே அழைத்து வரும் அன்பு. இரண்டாவதே வென்றது.

வென்றதற்கு விலையும் உண்டு. ஹோ அந்த வீட்டிலேயே தங்கினார். எலினாருக்கெனத் தனி அறைகூட இல்லை. சிறு பிள்ளைகளின் அறையிலே ஒரு கட்டில். 1922-ல் ஒரு நாள், கடைசி இரண்டு பையன்களுக்குக் கதை படித்துக் காட்டிக்கொண்டிருந்தவர் திடீரென அழத் தொடங்கினார். மணிக்கணக்கில் நிற்கவில்லை அந்த அழுகை. நோயாளிக்கு மருத்துவர் உண்டு, தாதி உண்டு. தாங்கி நிற்பவரைத் தாங்க யார் உண்டு? அந்தக் கேள்வியை நாம் கேட்பதேயில்லை.

அழுது முடித்தார், எழுந்தார். ஹோ அவருக்கு மேடையிலே பேசக் கற்றுக் கொடுத்தார். பெண் தொழிலாளர் சங்கக் கழகத்திலே சேர்ந்தார் எலினார். கணவர் போக முடியாத கூட்டங்களுக்குத் தாமே போனார். ரூஸ்வெல்ட் என்ற பெயரை மக்கள் மறக்காமல் பார்த்துக்கொண்டார். கணவரைத் தாங்கப் போய், தாமே ஒரு தலைவரானார்!

1924 ஜூன் 26. மாடிசன் சதுக்க அரங்கிலே கட்சி மாநாடு. பதினாறு வயது மகன் ஜேம்ஸ் ஒரு பக்கம், ஊன்றுகோல் மறுபக்கம். மேடையருகே வந்ததும் மகனை விட்டுவிட்டு, தாமே சில அடி நகர்ந்து பேச்சு மேசையைப் பற்றிக்கொண்டார் ரூஸ்வெல்ட். வியர்வை வழிந்தது. அரங்கம் அதிர்ந்தது. சில அடிதான்! அதற்குப் பின்னே மூன்று ஆண்டுக் காலப் பயிற்சி.

அதே ஆண்டு அக்டோபரில் ஜார்ஜியாவின் வெந்நீர் ஊற்று ஊரான வார்ம் ஸ்பிரிங்ஸுக்குப் போனார். தண்ணீர் உடம்பைத் தாங்க, கால் கொஞ்சம் அசைந்தது. 1926-ல் சொத்தின் பெரும்பகுதியைப் போட்டு அந்த இடத்தையே வாங்கினார்; 1927-ல் அங்கே வாத நோயாளிகளுக்கு அறநிலையம் எழுந்தது. ஆனால் ஒரு கறையையும் மறைக்கக் கூடாது. அந்தத் தண்ணீரிலே வெள்ளையருக்கு மட்டுமே இடம்! கறுப்பின நோயாளிகளுக்கென டஸ்கீகியிலே தனி மருத்துவ நிலையம் திறக்க 1941 ஆயிற்று. நோய் நிறம் பார்க்கவில்லை, மருந்துதான் பார்த்தது.

1928-ல் நியூயார்க் கவர்னர். 1932-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் வெற்றி. நான்கு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார். 1935-ல் முதியோருக்கும் வேலையற்றோருக்கும் உதவும் சமூகப் பாதுகாப்புச் சட்டம், சங்கம் சேரும் உரிமைக்கு வாக்னர் சட்டம். 1945 ஏப்ரல் 12-ல் அதே வார்ம் ஸ்பிரிங்ஸிலே மூளையில் இரத்தம் கசிந்து மறைந்தார். கடைசிவரை அவர் துணையின்றி நடக்கவில்லை. சக்கர நாற்காலியிலே அவரைப் படம் எடுப்பதைக்கூடத் தவிர்த்தார்கள். ஊனத்தை வெட்கமாகக் கண்ட உலகம் அது.

2003-ல் சில மருத்துவர்கள் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அவருக்கு வந்தது இளம்பிள்ளை வாதமாக இராது, கில்லன் பாரேயாகவே இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். மற்றவர்கள் மறுத்தார்கள். வழக்கு இன்னும் தீரவில்லை. 1916-ல் பிரெஞ்சு இராணுவ மருத்துவர்கள் விளக்கிய நோய் இது. கிருமியை எதிர்க்க வேண்டிய உடம்பின் காவற்படையே, ஆள் மாறி, நரம்பின் மேலுறையைத் தாக்குகிறது. ஆண்டுக்கு லட்சம் பேரிலே ஒருவருக்கோ இருவருக்கோ வரும். 2025 தொடக்கத்திலே புனேயில் சுமார் 200 பேருக்கு வந்தபோது, கெட்ட குடிநீரின்மேல் பார்வை விழுந்தது.

இன்று நரம்பு வழியே கொடுக்கும் எதிர்ப்புப் புரதம் உண்டு, இரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறை உண்டு. முதல் நான்கு வாரத்துக்குள் நோய் உச்சம் தொடும், பிறகு இறங்கும். பெரும்பாலோர் ஆறு மாதத்துக்குள் துணையின்றி நடக்கிறார்கள். சிலருக்கு ஆண்டுகள் ஆகும். சிலருக்குக் கொஞ்சம் குறை நின்றுவிடும். ரூஸ்வெல்ட்டின் காலத்தைவிட நம் தோழரின் தம்பிக்கு நம்பிக்கை அதிகம்!

ஆனால் ரூஸ்வெல்ட்டுக்கு இருந்தது நமக்கு இல்லை. அவருக்குப் பணம் இருந்தது, பணியாள் இருந்தார்கள். ஒரு நிறுவனத்திலே அவர் வகித்த பதவி அவருக்காகக் காத்திருந்தது. நம் வீட்டிலே ஒருவர் விழுந்தால் ஒரு கூலி போகிறது. அவரைத் தூக்க ஒருவர் நின்றால் இன்னொரு கூலியும் போகிறது.

அந்த இடத்தை நிரப்ப வேண்டியது யார்? நாம்! 1938-ல் ரூஸ்வெல்ட் தொடங்கிய வாத நோய் ஒழிப்பு நிதிக்கு, ஏழைகளும் பிள்ளைகளும் பத்துக் காசு நாணயம் நாணயமாக அனுப்பினார்கள். லட்சக்கணக்கிலே குவிந்தன நாணயங்கள். அந்த நிதி ஊட்டிய ஆராய்ச்சியிலேதான் தடுப்பூசி பிறந்தது. அவர் மறைந்து சரியாகப் பத்தாண்டு கழித்து, 1955 ஏப்ரல் 12-ல், அதன் வெற்றி அறிவிக்கப்பட்டது. 2014-ல் இந்தியாவும் இளம்பிள்ளை வாதம் ஒழிந்த நாடாயிற்று. ஒரு கட்டிலருகே தொடங்கியது எங்கே போய் முடிந்தது, பாருங்கள்!

எனவே, பெரியநாயக்கன்பாளையத்துத் தோழர்களே, ஷிப்டு முடிந்ததும் முறை வைத்து அந்த வீட்டுக்குப் போங்கள். பயிற்சி நேரத்திலே ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் இழுக்காதீர்கள். அண்ணன் ஓர் இரவாவது நன்றாகத் தூங்கட்டும். தாய் ஒரு நாளாவது வெளியே போய் வரட்டும். தம்பியின் வேலையை விடாதபடி சங்கம் நிர்வாகத்தோடு பேசட்டும். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து அளவு பார்க்கும் வேலை பட்டறையிலே இல்லையா? பட்டறைச் செய்தியை அவரிடம் சொல்லுங்கள், சங்கக் கணக்கை அவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

அன்று நான் புறப்படும்போது, தம்பி அண்ணனைப் பார்த்து, தம்முடைய லேத்தை இப்போது யார் ஓட்டுகிறார் என்று கேட்டார். ஐந்து மாதத்திலே பட்டறையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுதானாம்.