ஆச்சி நோட்டுல இருந்த ஓட்டை அட்டை

ஆச்சி வீடு கல்லிடைக்குறிச்சியில. செமஸ்டர் லீவுக்குப் போயிருந்தப்போ ஆச்சியோட வரவு செலவு நோட்டுக்குள்ள ஒரு அட்டை இருந்துச்சு. பக்க அடையாளத்துக்கு வச்சிருக்காங்க. பழுப்பு நிறம், ஒரு மூலை வெட்டியிருக்கு, நடுவுல குட்டிக் குட்டியா நீள்சதுர ஓட்டை. மெட்ராஸ்ல வேலை பார்த்த தாத்தா எப்பவோ கொண்டு வந்ததுன்னு மட்டும்தான் ஆச்சிக்குத் தெரியும். கேட்கலாம்னா தாத்தா இப்போ இல்ல.

ஸ்கேல் வச்சு அளந்தேன். நீளம் 18.7 சென்டிமீட்டர், அகலம் 8.3. நெடுக்குவாட்டுல எண்ணினா 80 வரிசை, ஒவ்வொண்ணுலயும் 0 முதல் 9 வரை அச்சடிச்சிருக்கு. அதுக்கு மேல டவுட்டே இல்ல. ஐபிஎம் 1928-ல கொண்டு வந்த பஞ்ச் கார்டு! ஸ்கிரீன் முன்னாடி உட்கார்ந்து டைப் பண்ற காலத்துக்கு முன்னாடி, கம்ப்யூட்டருக்குள்ள புரோகிராமும் டேட்டாவும் பெரும்பாலும் இந்த மாதிரி அட்டையாத்தான் போச்சு. இதுக்கு மூலகாரணமான ஆள் ஹெர்மன் ஹாலரித்.

1860-ல அமெரிக்காவுல பஃபலோ நகரத்துல பிறந்தார். ஸ்கூல்ல ஸ்பெல்லிங் சுத்தமா வராது. ஆனா 19 வயசுலயே கொலம்பியாவுல சுரங்கப் பொறியியல் முடிச்சுட்டார். அதாவது நம்மள விட ரெண்டு வயசு சின்னவர். முதல் வேலை 1880 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. சுமார் 5 கோடி பேரோட விவரத்தைக் கையால கோடு போட்டு எண்ணினாங்க. முடிக்க ஏழெட்டு வருஷம் ஆச்சு. இப்படியே போனா, ஒரு கணக்கு முடியுறதுக்குள்ள அடுத்த கணக்கெடுப்பு வந்துடும். இதுக்கு ஒரு மிஷின் இருக்கலாமேன்னு அங்க அவருக்கு மேல இருந்த ஜான் ஷா பில்லிங்ஸ் சொல்லி வச்சார்.

விடை ரயில்ல கிடைச்சுது. அந்தக் காலத்துல டிக்கெட்டைத் திருடி வேற யாரும் பயணம் பண்ணக்கூடாதுன்னு, பயணியோட முடி நிறம், கண் நிறம், மூக்கு அளவு எல்லாத்தையும் கண்டக்டர் டிக்கெட்டுல ஓட்டையா போடுவார். ஹாலரித் அதைப் பார்த்தார். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு விவரத்துக்கு ஒரு ஓட்டை. அவ்வளவுதான் ஐடியா.

மிஷினும் சிம்பிள்தான். அட்டையை வச்சு கைப்பிடியை இறக்கினா, ஸ்பிரிங் ஊசிகள் அட்டை மேல இறங்கும். ஓட்டை இருக்குற இடத்துல மட்டும் ஊசி உள்ள போய், கீழ கிண்ணத்துல இருக்குற பாதரசத்தைத் தொடும். சர்க்யூட் முடியும், டயல்ல முள் ஒண்ணு நகரும். 1889-ல நடந்த போட்டியில மத்த ரெண்டு முறைக்கும் எண்ணி முடிக்க 44.5 மணி நேரமும் 55.5 மணி நேரமும் ஆச்சு. ஹாலரித் மிஷினுக்கு 5.5 மணி நேரம்!

1890 கணக்கெடுப்பு அவர் கைக்கு வந்துச்சு. சுமார் 6.26 கோடி பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு அட்டை. வயசு, ஆணா பெண்ணா, பிறந்த ஊர், தொழில் எல்லாம் ஓட்டையா இருக்கும். பேரு மட்டும் இருக்காது. எண்ணுறதுக்குப் பேரு தேவையில்லயே.

1896-ல கம்பெனி ஆரம்பிச்சார். ஆனா மனுஷன் பிடிவாதக்காரர். வாடகையில சென்சஸ் ஆபீஸோட சண்டை வந்து, 1910 கணக்கெடுப்புக்கு அவங்க சொந்தமாவே மிஷின் செஞ்சுக்கிட்டாங்க. 1911-ல கம்பெனியை வித்தார். அது வேற கம்பெனிகளோட சேர்ந்து 1924-ல ஐபிஎம்னு பேரு மாறுச்சு. அவர் பண்ணையில மாடு வளர்த்துக்கிட்டு இருந்து, 1929-ல இறந்தார்.

கதை அங்க முடியல. 1933-ல ஹிட்லர் ஆட்சியில நடந்த கணக்கெடுப்புலயும் பிரஷ்யா மக்களை எண்ணினது ஹாலரித் மிஷின்கள்தான். அந்த அட்டையில மதமும் ஒரு ஓட்டை. அவர் மிஷினுக்கு எண்ண மட்டும்தான் தெரியும், எதுக்கு எண்ணுறோம்னு தெரியாது. நாளைக்கு டேட்டா வேலைக்குப் போகப்போற நாம யோசிக்க வேண்டிய இடம் இது.

சரி, ஆச்சி அட்டையில என்ன இருந்துச்சு? அவருக்கு அப்புறம் வந்த குறியீட்டுல, ஒரு ஆங்கில எழுத்துக்கு ஒரே வரிசையில ரெண்டு ஓட்டை. மேல ஒண்ணு, எண்கள்ல ஒண்ணு. உச்சி ஓட்டையோட 1 சேர்ந்தா ஏ, 2 சேர்ந்தா பி, இப்படியே போகும். வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ஒவ்வொண்ணா பேப்பர்ல எழுதினேன். முதல் பதினொரு வரிசையில மட்டும்தான் ஓட்டை, மீதி 69-உம் காலி. எழுதி முடிச்சதும் வாசிச்சேன்.

ஆச்சியோட பேரு.

சொன்னப்போ ஆச்சி ஒண்ணும் பேசல. அட்டையை வாங்கிப் பார்த்தாங்க. நோட்டுல வைக்கல, பீரோவுல சேலைக்கு அடியில வச்சுட்டாங்க. வரவு செலவு நோட்டுக்கு இப்போ என் பழைய ஹால் டிக்கெட்தான் அடையாளம்.