மீசையுள்ள தாய்

விளையாட்டு வேறு, படிப்பு வேறு என்று வகுத்து, இரண்டுக்கும் நடுவே மணியடித்து வைப்பது நம் பாடசாலைகளின் நெடுநாள் வழக்கம். இவ்வழக்கத்தைத் தகர்ப்பதற்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார் ஒருவர். அவர் நீதிமன்றத்தில் வழக்குரைத்துப் பிழைத்தவர். ஆசிரியத் தொழிலுக்குப் பின்னரே வந்தவர். கிஜுபாய் பதேக்கா என்பது அவர் பெயர். குஜராத்து மக்கள் அன்பு மேலீட்டால் இட்ட பெயரோ மீசையுள்ள தாய் என்பது.

மாத்தளைக்கு வடக்கே, கண்டி – யாழ்ப்பாணப் பெருவீதியிலுள்ள பலாபத்வலையில் இருந்துகொண்டு, எங்கோ சௌராட்டிரத்தில் வாழ்ந்தவரைப் பற்றி நான் எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். அவர் கதையைக் கேட்டபின் அக்காரணம் தானே விளங்கும்.

கிஜுபாய் 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் பிறந்தார். 1907இல் பொருள் தேடிக் கிழக்கு ஆபிரிக்கா சென்றார். மீண்டு வந்து பம்பாயில் சட்டம் பயின்று நியாயவாதியானார். வழக்குகளும் வந்தன, வருவாயும் வந்தது. 1913இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். இப்பிள்ளையை எத்தகைய பள்ளிக்கு அனுப்புவது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது. தாம் கண்ட பள்ளிகளில் பிரம்பும் மனப்பாடமுமே கோலோச்சக் கண்டவர் அவர். அந்நிலையில் இத்தாலியப் பெருமாட்டி மரியா மொண்டிசோரியின் நூல் அவர் கைக்கு எட்டியது. புதியதோர் உலகமே அவர் கண்முன் திறந்தது எனலாம்.

1916இல் வழக்குக் கட்டுகளை மூடிவைத்துவிட்டுப் பாவநகரிலே நானாபாய் பட்டர் நிறுவியிருந்த தட்சிணாமூர்த்தி நிலையத்திற் சேர்ந்தார். வளர்ந்த மாணவரைத் திருத்துவதினும் தளிரிலேயே தொடங்குவது நன்றெனத் தெளிந்து, 1920இல் அங்கே பாலமந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தோற்றுவித்தார். தாராபாய் மோடக் அம்மையார் பின்னர் அவருக்குத் துணையானார். ஆசிரியர்க்குப் பயிற்சி, பெற்றோர்க்கு அறிவுரை, குழந்தைகளுக்குக் கதையும் பாட்டும் என அவர் எழுதிய நூல்கள் ஏறத்தாழ இருநூறு.

மொண்டிசோரியைக் குருவாகக் கொண்டபோதும் கிஜுபாய் கண்ணை மூடிக்கொண்டு பின்சென்றாரல்லர். அப்பெருமாட்டி குழந்தையின் ஈடுபாட்டைத் தொழில் என்றே மதித்தார்; தேவதைக் கதைகளைச் சிறு குழந்தைகளுக்கு உகந்தனவாகக் கருதவில்லை. கிஜுபாயோ நாட்டுக் கதைகளையும் ஊர் விளையாட்டுகளையும் பள்ளியின் நடுவிலே குடியேற்றினார்.

அவருடைய திவாஸ்வப்னம், பகற்கனவு என்ற பெயரில் தமிழிலும் வழங்குகின்றது. கற்பனையான ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பொன்றை ஓராண்டு ஏற்று நடத்திய வரலாறு அது. முதல் நாளன்று அவர் நடத்திய மௌன விளையாட்டுச் சிரிப்பிலும் கூச்சலிலும் முடிகின்றது. விளையாட்டென்று பெயரிட்டால் மட்டும் போதாது. அது குழந்தையின் உள்ளத்துக்கு இசைந்ததாய் அமைதல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது. பின்பு கதை கைகொடுக்கின்றது. மைதானம் வகுப்பறையாகின்றது. கசப்பான இலக்கணமும் ஆட்டமாக மாறுகின்றது. பாடநூலுக்குரிய பணத்தில் வகுப்புக்கென ஒரு நூலகம் எழுகின்றது.

இனி என் ஊருக்கு வருகின்றேன். இங்குள்ள பிள்ளைகளுக்குக் கொக்கான் தெரியும், கிளித்தட்டுத் தெரியும், பல்லாங்குழியும் தெரியும். பல்லாங்குழியில் எண்ணலும் பகிர்தலும் உள. கிளித்தட்டில் கோடும் சதுரமும் உள. ஆட்டத்திற்குப் புதிய விதியொன்றைப் பிள்ளைகளே வகுத்து, அதனை மற்றவர்க்கு விளங்கச் சொல்வார்களாயின், மொழிப்பயிற்சிக்கு அதனினும் சிறந்த கட்டுரை வேண்டுவதில்லை. ஆயினும் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை என்னும் நிழல் இவர்கள் மீது முன்கூட்டியே விழுந்துவிடுகின்றது. வினாத்தாள் உள்ளே வர, விளையாட்டு வெளியேறுகின்றது.

ஏழைப் பிள்ளைக்கு அப்பரீட்சை ஓர் ஏணி. அதனை எட்டி உதைக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. கிஜுபாயின் கதையிலும் ஆண்டிறுதியில் அதிகாரி வருகின்றார், பிள்ளைகளும் தேறுகின்றனர். கதையிலே வெல்வது எளிது, வாழ்விலே அரிது என்பார் உளர். அவர்கட்கு யான் காட்டும் சான்று பாவநகரப் பள்ளி. அது ஏட்டில் எழுந்ததன்று, மண்ணிலே எழுந்தது.

1939ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் கிஜுபாய் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் மொண்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். பின்னர் நம் இலங்கைக்கும் வந்தார். அவர் இந்திய மண்ணில் கால்வைத்த வேளையில், அவரை வரவேற்க முதலுரிமை பெற்றிருந்த மாணாக்கர் இல்லை. காலத்தின் இக்கொடுமையை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கின்றது.

அவர் விட்டுச்சென்ற பணிக்குப் பொருட்செலவு பெரிதாக வேண்டா. நான்கு புளியங்கொட்டையும், தரையிற் கீறிய ஒரு கோடும், பிள்ளையின் சிரிப்புக்கு அஞ்சாத ஓர் ஆசிரியரும் போதும்.